போகாத சைரன்

கிளியோபஸ் ப்ரூயிட்டை ஏற்றிக்கொண்டு போலீஸ் வண்டி போய்விட்டது. அதன் சைரன் சத்தம் போகவில்லை. ஹேல் தெருவில் அவன் வீட்டுக் கூரைக்கு மேலேயே நின்றுவிட்டது. அது 1967 ஜூன். கார் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தவனை வெள்ளைக்காரப் போலீஸ் நிறுத்தியது. பதிலில் 'ஐயா' சேர்க்கவில்லை என்று அடித்தது. ஸ்டேஷன் படியில் விழுந்து செத்தான் என்று மறுநாள் உடலைக் கொடுத்தது. அடக்கம் முடிந்தும் சத்தம் ஓயவில்லை. மாநகராட்சியிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் ஏணியோடு வந்து, அதற்கு நேர் கீழே நின்று, "எந்தச் சத்தம்?" என்றார்கள். அவர்களுக்கு உண்மையாகவே கேட்கவில்லை. தெருவிலிருந்த கறுப்பர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சும்மாவா குடியிருக்கு? வாடகை கேளு, அல்வினா!" என்று முடிவெட்டும் ஹோசியா கிளியோபஸின் மனைவியிடம் கத்தினார். அந்தத் தெருவில் இப்போது எல்லாரும் கத்தித்தான் பேசினார்கள். அல்வினா சிரிக்கவில்லை. மகள் ஜோனெலுக்கு ஏழு வயது. இனி நிஜ வண்டி வந்தால் எப்படித் தெரியும்? அல்வினா ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பழகினாள். நிஜ வண்டிக்குக் கண்ணாடி நடுங்கும். கூரைச் சத்தத்துக்கு நடுங்காது.

ஜூலையில் ஒரு ஞாயிறு மாலை கண்ணாடி நடுங்கியது. தெருமுனையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் அருகில் நின்ற இளைஞர்களுக்கும் கூரைச் சத்தத்தில் வண்டி வருவது கேட்கவில்லை. அல்வினா வெறுங்காலோடு ஓடி மகளை இழுத்து வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இளைஞர்கள்மேல் போலீஸ் தடிகள் இறங்கின. "ஒரு கிளியோபஸ் போதாதாடா உங்களுக்கு?" என்று ஹோசியா கத்தியது சைரனில் கரைந்தது, அவர் எறிந்த முக்காலியை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள். பிறகு கல், புட்டி, நெருப்பு. தெரு மூன்று நாள் எரிந்தது. ராணுவம் வந்து சுட்டதில் கண்ணாடி உடைந்தது. அல்வினா குளியல் தொட்டிக்குள் மகள்மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

"மூச்சு முட்டுதும்மா."

"முட்டட்டும். உசிரோட இருக்கேல்ல?"

எரிந்த கடைகள் திரும்பத் திறக்கவில்லை. சத்தம் இருந்தது. அடுத்த கோடையில் இருவரும் அலபாமாவுக்கு, மாமியார் வீட்டுக்குப் போனார்கள். சுற்றிலும் பருத்திக்காடு, ஒரு சத்தமில்லை. மதியம் தூங்கி விழித்த ஜோனெல் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள்.

"சத்தம் நின்னுடுச்சும்மா. போலீஸ்காரங்க வண்டியவிட்டு எறங்கிட்டாங்களா?"

மறுநாளே பேருந்து ஏறினார்கள். ஹேல் தெருமுனையிலேயே சைரன் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் ஜோனெல் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள். அல்வினா புதுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நடுங்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள்.