பல்புக்குப் பின்னால் மாமனார்

மாமனாருக்கென்று கட்டிய புது அறைக்கு வாத்தியார் தானே ஒயரிங் செய்தார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமே என்று மனைவி இழுத்தபோது, "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கரண்ட் பாடம் நடத்துறவன் வீட்டுக்கு எலக்ட்ரீஷியனா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க" என்று வாயை அடைத்துவிட்டார்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு குண்டு பல்பு, ஒரு பிளக் பாயிண்ட், அவ்வளவுதான். முடித்ததும் பிளக் ஓட்டையில் டெஸ்டரை விட்டுக் காட்டினார். டெஸ்டர் எரிந்தது. இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிட்டு சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. எல்லோரும் அண்ணாந்து பல்பைப் பார்த்துப் பூரித்தார்கள். இஸ்திரிப் பெட்டி சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து மாமனார் வந்து இறங்கினார். நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. மூக்கில் எந்நேரமும் ஆக்ஸிஜன் குழாய் இருக்க வேண்டும். அதற்காக வாடகைக்கு எடுத்த மெஷினை மச்சான், அதாவது மனைவியின் தம்பி, உருட்டிக்கொண்டு வந்து செருகினான். மெஷின் 'கீ கீ' என்று கத்தியதே தவிர ஓடவில்லை. தலைக்கு மேலே பல்பு மட்டும் ஜோராக எரிந்தது.

"கரண்டுக்கு ஒண்ணும் கேடில்ல அத்தான். மெஷின்தான் டப்பா" என்றான் மச்சான். கடைக்குப் போன் போட்டுக் கத்தினான். எடுத்து வந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். போய் வர ஒரு மணி நேரமாவது ஆகும். வழிக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த குட்டி சிலிண்டரில்தான் மாமனார் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அதன் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.

மச்சான் பிளக்கைப் பிடுங்கினான். பல்பு அணைந்தது.

"ஏன் அத்தான் லைட்டை அணைச்சீங்க?"

"நான் எங்கடா அணைச்சேன்?"

"அப்ப லூஸ் காண்டாக்ட்டா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவன் ஒயரைச் சுருட்டினான்.

வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. கரும்பலகையில் அவர் எப்போதும் முதலில் வரைவது தொடரிணைப்பு. ஒரே வளையம், அதில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பல்பு. பார்க்க அழகாக இருக்கும். கை பழகிய அதே படத்தைச் சுவரிலும் போட்டு வைத்திருந்தார், இரண்டாவது பல்பு இருக்க வேண்டிய இடத்தில் பிளக் பாயிண்ட். மின்சாரம் பல்பைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போயாக வேண்டும். பல்பு தின்றது போக மிச்சம் மீதிதான் மெஷினுக்கு. பிளக்கைப் பிடுங்கினால் வளையம் அறுந்து பல்பும் அணையும். வீடென்றால் பல்பும் பிளக்கும் தனித்தனியாக மெயின் ஒயர் இரண்டையும் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு முழு வோல்டேஜ் வாங்க வேண்டும். அதற்குப் பெயர் பக்க இணைப்பு. பாடப் புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது.

பரிகாரமும் எளிதுதான். ஹாலில் எலக்ட்ரீஷியன் போட்ட பாயிண்டில் செருகினால் மெஷின் ஓடும். ஓடும் என்பதுதான் சிக்கல். அங்கே ஓடி இங்கே ஓடவில்லை என்றால் குட்டு உடைந்துவிடும். மச்சான் கடைக்குப் போய் வருவதற்குள் மெயினை அணைத்து ஒயரை மாற்றிவிடலாம். புது மெஷின் ஓடும், பழி கடைக்காரர் தலையில் விழும். எந்தக் குறையும் இல்லாத திட்டம். நடுவில் மாமனார் மூச்சு விட வேண்டியிருக்கும் என்பதைத் தவிர.

"சீக்கிரம் போய்ட்டு வா மச்சான்" என்று சொல்வது தன் குரல்தான் என்று அவருக்குத் தெரிந்தது.

மெஷின் வாசற்படி இறங்கியது. மாமனாரின் கை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது.

"என்னங்க, அப்பா நகமெல்லாம் நீலமாகுது" என்றாள் மனைவி. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வெளியே வண்டி உறுமியது. வாத்தியார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"நிறுத்துடா! மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஹால்ல செருகு!"

"என்ன அத்தான் விளையாடுறீங்களா? இப்பதானே பார்த்தோம்?"

"ஒயரிங் தப்பு. தொடரிணைப்புல போட்டுட்டேன்."

"அப்படின்னா?"

"அப்படின்னா நான் ஒரு மடையன்! பாடம் அப்புறம் நடத்துறேன், தூக்குடா!"

ஹாலில் செருகியதும் மெஷின் ஒருமுறை செருமிவிட்டுச் சீராக ஓடத் தொடங்கியது. ஆனால் குழாய் அறை வரை எட்டவில்லை. மூவரும் சேர்ந்து மாமனாரோடு கட்டிலை இழுத்தார்கள். கட்டில் பாதி அறையிலும் பாதி ஹாலிலுமாக நிலைப்படியில் மாட்டிக்கொண்டபோது குழாய் எட்டியது. சிலிண்டர் முள் அதற்குள் படுத்துவிட்டிருந்தது.

எல்லோரும் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலம் மெல்ல வெளுத்து, வெகு நேரம் கழித்து லேசாகச் சிவந்தது.

"மாப்பிள்ளை..." என்றார் மாமனார்.

"சொல்லுங்க மாமா."

"எலக்ட்ரீஷியன்... வர்ற வரைக்கும்... நீங்க எதையும் தொடாம... என் பக்கத்துல உக்காருங்க."

மனைவி ஏற்கெனவே போனில் எலக்ட்ரீஷியனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தியார் கட்டிலோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.