மேற்குச் சுவர்

“அந்த ரூம்ல ஜன்னலே கிடையாதுடி.”

நர்ஸ் போனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் தோழிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். மேற்குச் சுவரில் ஜன்னல் இருந்தது. அதன் கம்பியில் ஈரத்துண்டைக் கட்டிக் காயவைத்தது, எதிர்வீட்டு ஆள் பாட்டுக் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று உயிரை வாங்கியது எல்லாம் நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது.

“பாட்டு கதவு வழியா கேட்டிருக்கும். துண்டை மாடியிலதான் போடுவோம். நீ வேற எந்த ரூமையோ சொல்ற.”

போனை வைத்த பிறகு தோழிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பிறந்த வீட்டில் இல்லாத ஒரு கிணற்றைப் பற்றி அத்தனை தெளிவாகச் சொன்னாள். மாமா மறுத்தபோது எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் பெற்ற மகளையே, “நீங்க யாரும்மா?” என்று மரியாதையாகக் கேட்டாள்.

மறுநாள் வகுப்பில், காலி ரோட்டில், காரணமே இல்லாமல் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள். “நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்?” என்று ஓட்டிக்கொண்டிருந்தவர் பதறிப்போனார். வகுப்பை முடித்த கையோடு நர்ஸின் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தாள்.

“ஒரு ஜன்னலுக்காகவா? கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு?”

“ஏறுடி.”

இருவரும் குடியிருந்த பழைய வீட்டின் மேற்குப் பக்கத்தை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், இப்போது ஒரு கட்டடம் நின்றது. வெளியிலிருந்து எதுவும் தெரியவில்லை. அறையில் குடியிருந்த பெண் இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னதும் விநோதமாகப் பார்த்தாலும் உள்ளே விட்டாள். மேற்குச் சுவரை அடைத்துக்கொண்டு பெரிய மர பீரோ ஒன்று நின்றது.

“நாங்க வரும்போதே இது இங்கதான் இருந்துச்சு. பின்னாடி என்னன்னு பார்த்ததில்லை.”

நர்ஸ் தோழியின் கையைப் பிடித்தாள். “உங்கம்மாவ நெனச்சுதான் ராத்திரியெல்லாம் தூங்கலையா?”

அவள் பீரோவின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க முயன்றாள்.

“ஜன்னல் இருந்துச்சுன்னா, மறந்தது நான்டி” என்றாள் நர்ஸ். நேற்றைய சிரிப்பு அந்தக் குரலில் இல்லை.

இப்படியும் இருக்கலாம் என்று அவளுக்கு இதுவரை தோன்றவே இல்லை. போய்விடலாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நர்ஸ் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, பீரோவில் தோளைக் கொடுத்திருந்தாள். அவளும் பக்கத்தில் போய் நின்று தள்ளினாள். பீரோ அசையவில்லை. பிறகு அதற்குள்ளே, யாருடைய சட்டைகளோ தொங்கிய ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.