சீக்கிரம் விடிந்த அறை

சுரங்கத்தை ஒட்டிய கடைசித் தெருவில் அவளுக்கு 'முப்பது நாள்' என்றே பெயர் விழுந்துவிட்டது. சுரங்கக் கம்பெனியில் புகார் வாங்கும் வேலை. யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டு, முப்பது நாளில் பதில் வரும் என்பாள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. கம்பெனிதான் தானாக முன்வந்து அப்படியொரு உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டிருந்தது.

ஒருநாள் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். இரவெல்லாம் அடுப்படியில் வெந்து, விடியுமுன் வீடு திரும்பித் தூங்குகிறவர். கிழக்கே நின்ற குன்றின் தலையைச் சுரங்கத்துக்காக வெட்டியதிலிருந்து வெயில் சீக்கிரமே முகத்தில் விழுகிறது, தூக்கமே போச்சு என்றார்.

தூசி, சத்தம், தண்ணீர், சுவர் விரிசல் எல்லாவற்றுக்கும் சட்டத்தில் அளவு இருந்தது. விடியலுக்கு இல்லை. மேலாளர், சூரியனுக்கும் நாம்தான் பொறுப்பா என்று சிரித்தார். எந்தப் புகாருக்கும் பதில் தருவோம் என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று அவள் பிடித்த பிடியில் நின்றாள்.

மறுநாள் விடியற்காலையில் ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக்கே போனாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கொடியில் மாவு படிந்த சட்டை. நாற்காலியில் சாய்ந்தவளுக்குக் கண் சொருகியது. ஜன்னலுக்கு வெளியே குன்று முழுசாக நின்றது. அதன் முதுகில் வெளிச்சம் மரம் மரமாக ஏறியது. அறை, குடத்தில் தண்ணீர் நிறைவதுபோல மெல்ல நிறைந்தது. விழித்துப் பார்த்தால் குன்றின் தலை இல்லை. தலையணையில் வெயில் சுள்ளென்று கிடந்தது.

தடித்த திரைச்சீலை வாங்கித் தரவா என்று கேட்டாள்.

"இருட்டு வேண்டாம்மா," என்றார் அவர். "மெதுவா விடிஞ்சா போதும்."

நில அளவையாளர் பழைய வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டார். காலை நிழலில் தெரு இழந்தது இருபத்திரண்டு நிமிடம். தோண்டிய கழிவுமண்ணைக் குவித்து மரம் வளர்க்க வேண்டும் என்பது சட்டம். அதைத் தெருவுக்குக் கிழக்கே குவித்தால் என்ன என்று அவள் கேட்டாள். தெருவைக் கூட்டிப் பேசினார்கள். கைக்குழந்தைக்காரிகள் தூசிக்குப் பயந்தார்கள். மண்ணை நனைத்துத்தான் கொட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. இருபத்தொன்பதாம் நாள் பதில் போயிற்று: ஆகும், ஆனால் நாளாகும். மண் கொட்டும் இடத்தை மாற்ற அரசு அனுமதி வரவே ஆறு மாதம் ஆனது.

இரண்டு மழைக்காலம் போனது. மேட்டில் புல் பிடித்து, கன்றுகள் ஆளுயரம் ஆயின. பதினாலு நிமிடம் திரும்பி வந்தது. மிச்சம் வரவில்லை.

சுரங்க உரிமத்தை ஐந்து வருடம் நீட்டிக்கும் முன் ஊரைக் கேட்க வேண்டும் என்பதும் சட்டம். கூட்டத்தில் அரசு அதிகாரி ரொட்டிக்கடைக்காரரிடம் சம்மதமா என்று கேட்டார். அவள் பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"குன்று போனது போனதுதான். அதுல எனக்கு மனசு ஆறல," என்றார். "ஆனா சொன்னா காது குடுத்துக் கேக்கறாங்க. இன்னும் அஞ்சு வருஷம் பாப்போம்."

அவள் அதை ஒரு சொல் விடாமல் எழுதினாள். அவர் கொட்டாவியை அடக்கியபடி தூங்கக் கிளம்பினார்.