இரண்டு மைக்

நீங்கள் பேசுவது எந்த வழியாக உங்கள் கணினியை விட்டு வெளியே போகிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

கராம் பார்த்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். கணினி விளையாட்டை நேரலையில் காட்டிப் பிழைப்பவள். முகம் காட்டமாட்டாள்; ரசிகர்களுக்கு அவள் பெயர் முள்ளங்கி. தேஜோன் நகரத்தில் இருந்தபோது ஒரு ரசிகன் வீட்டு வாசலில் வந்து நின்றான். உடனே மூட்டை கட்டிக்கொண்டு சுவோன் நகரத்துக்கு வந்துவிட்டாள். இந்த வீடு ஒருவருக்கும் தெரியக்கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆனால் அந்த அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு கூரையில் ஒரு ஸ்பீக்கர். லிஃப்ட் பழுது, குப்பை பிரிப்பது என்று சாயங்காலமானால் அறிவிப்பு வரும். குடியிருப்பின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். அணைக்க வழியில்லை.

அதற்காகத்தான் தோழி யூன்சில் கணினிக்குள் ஒரு பொய் மைக்கைப் போட்டுக்கொடுத்தாள். வயர் கிடையாது, உடம்பு கிடையாது, பட்டியலில் ஒரு பெயர் மட்டும். மேசையிலிருக்கும் நிஜ மைக் எல்லாச் சத்தத்தையும் வாங்கும். ஒரு மென்பொருள் அதிலிருந்து கராமின் குரலை மட்டும் வடிகட்டிப் பொய் மைக்கில் ஊற்றும். அதுதான் ஊருக்குப் போகும். ஹெட்போனில் அவள் கேட்பதும் அதுதான்.

"இனிமே கூரையே இடிஞ்சு விழுந்தாலும் உன் ரசிகருங்களுக்குக் கேக்காது."

"எனக்கே கேக்காதேக்கா."

"அப்போ நிம்மதியா செத்துப்போ."

அன்று சாயங்காலம் யூன்சில் தன் வீட்டிலிருந்தபடி கராமோடு சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். திரையின் ஓரத்தில் ரசிகர்கள் எழுதும் வரிகள் ஓடின. நடுவில் ஒன்று:

"முள்ளங்கி அக்கா, நாளைக்குக் காலைல உங்க வீட்ல தண்ணி வராதாம். பிடிச்சு வெச்சுக்கோங்க."

"என்ன உளர்றான் இவன்?" சிரித்துக்கொண்டே கராம் ஹெட்போனைக் கழற்றினாள்.

கூரை பேசிக்கொண்டிருந்தது. "...மீண்டும் அறிவிக்கிறோம். நூற்றேழாம் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதால்..."

 நேரலையை அப்படியே வெட்டினாள். ஹெட்போனை மறுபடி மாட்டினாள்.

"அக்கா, அவங்களுக்குக் கேக்குது."

"கேக்காதுடி. எனக்கே உன் குரல் மட்டுந்தான வருது?"

"கேக்குதுக்கா!"

யூன்சில் விளையாட்டை நிறுத்தினாள். "ஒளிபரப்புல எந்த மைக் இருக்குன்னு பாரு."

நிஜ மைக். கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்ட அன்று, ஒளிபரப்பு மட்டும் பொய் மைக்கை விட்டு அதற்குத் தாவியிருந்தது. யூன்சிலுக்குப் போனது பொய் மைக். கராம் தினமும் பேசிச் சரிபார்த்ததும் பொய் மைக். ஊர் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பழைய பதிவு ஒன்றைப் போட்டாள். அவள் சிரிப்புக்குப் பின்னால் குடியிருப்பின் பெயர். லிஃப்ட். குப்பை. அப்புறம் அவள் வீட்டை மட்டும் கூப்பிடும் காவலாளியின் குரல்: "ஐந்நூத்தி நாலு, பார்சல் வந்திருக்கு, வந்து வாங்கிக்கோங்க."

எல்லாப் பதிவையும் அழித்தாள்.

"தண்ணின்னு எழுதினானே, அவன் பேர் என்ன?"

"தேடிட்டேன். கணக்கையே காணோம்."

"பேசாம எங்க வீட்டுக்கு வந்துடுடி."

"வரணும்னா கதவைத் திறக்கணுமேக்கா."

"சரி, காலைல நானே வர்றேன். தண்ணி பிடிச்சியா?"

பிடிக்கவில்லை. குழாயைத் திறந்தால் வெளியே சத்தம் கேட்கும் என்று பயந்து சும்மா இருந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வாசல் கேமராவைப் போட்டுப் பார்த்தாள். ஐந்நூற்று நாலின் கதவுக்கு முன்னால் ஆறு தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. யூன்சில் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கவில்லை.