மேயருக்குக் கொடுத்த வாக்கு

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெல்டா ஃப்ரீசன் முன்வரிசையில் உட்கார்ந்து கையுறையைப் பிசைந்துகொண்டிருந்தாள். கனடாவில், சஸ்காட்சுவான் மாகாணத்தின் அந்தச் சின்ன ஊருக்கு நீதிமன்றம் மாதம் ஒருமுறைதான் வரும். பனித்தரையில் கல்லைச் சறுக்கி விளையாடும் கர்லிங் அரங்கத்தின் மாடிக் கூடத்தில் மேசை போட்டு நியாயம் வழங்கிவிட்டுப் போகும். இன்று வெல்டாவின் முறை. போர் நினைவுத்தூணைப் பேருந்தால் இடித்துச் சாய்த்துவிட்டு நிற்காமல் போனாள் என்று வழக்கு. குற்றம் உறுதியானால் பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மேயர் லைல் ப்ரோட்ஸ்கி பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். கை வைத்த அழகைப் பார்த்தால் அந்தப் புத்தகத்தையே அவர்தான் எழுதினாரோ என்று தோன்றும்.

"பஸ்தான் ரிவர்ஸ்ல வந்து இடிச்சது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவருடைய கர்லிங் அணிக்காரர்கள் இருவரும் அதே புத்தகத்தில் கை வைத்து அதையே சொன்னார்கள். தூண் சாய்ந்த நேரத்தில் மூவரும் பீரும் கையுமாக இருந்ததை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மிச்சமிருந்த சாட்சி ஹேட்டி. ஐந்து வயது. அன்று தூணுக்கு எதிரே பனிக்குவியலில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தவள். சின்னப் பிள்ளைகளிடம் சத்தியம் வாங்குவதில்லை. உண்மையைச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால் போதும்; வாக்கு என்றால் என்ன தெரியுமா என்று குடையக்கூடச் சட்டம் விடாது. குடைய வேண்டியது பெரியவர்களைத்தான் என்று வெல்டா மனதுக்குள் பொருமினாள்.

"உண்மையத்தான் சொல்வேன்னு ப்ராமிஸ் பண்றியாம்மா?" என்று கேட்டார் நீதிபதி ஷெவ்சுக் அம்மாள்.

"மாட்டேன்."

கூடம் சிரித்தது. மேயர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். வாக்குக் கொடுக்காத பிள்ளை சாட்சி சொல்ல முடியாது. வெல்டாவுக்கிருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

"ஏம்மா மாட்டே?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ஏற்கெனவே ப்ராமிஸ் பண்ணிட்டேன். அவர்தான் டோனட் வாங்கிக் குடுத்தாரு." ஹேட்டி மேயரைக் காட்டினாள். "அவரு சரின்னா சொல்றேன்."

சிரிப்பு நின்றது. அரசு வக்கீல் துள்ளி எழுந்தார்.

"வாக்குக் கொடுக்காம பேசினது சாட்சியமாகாது, யுவர் ஆனர்!"

"ஆகாதுதான். உக்காருங்க." நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் ப்ரோட்ஸ்கி, பிள்ள உங்க அனுமதிக்காகக் காத்திட்டிருக்கா. என்ன சொல்றீங்க?"

சரி என்றாலும் மாட்டினார். கூடாது என்றாலும் மாட்டினார். தேர்தலில் பழகிய வாய் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தது.

"என்ன ப்ராமிஸ்? அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. இந்தப் பொண்ணுகிட்ட நான் பேசினதே கெடையாது."

ஹேட்டி அவரையே பார்த்தாள்.

"நான் எங்கம்மாகிட்டகூடச் சொல்லலையே," என்றாள்.

பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நீதிபதி பக்கம் திரும்பினாள்.

"அவரே இல்லேங்கறாரு. அப்ப நான் சொல்லலாம்ல?"

"தாராளமா சொல்லலாம்."

"சரி, ப்ராமிஸ். மஞ்ச பஸ் அப்பவே போயிடுச்சு. இடிச்சது அவரோட ட்ரக்."

வெல்டா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாதி, பிழைப்பு தப்பித்த நிம்மதி. மீதி, இந்த ஊரிலேயே வாக்கைக் காப்பாற்றிய ஒரே ஆளை ஒரு பெரிய மனிதர் எல்லார் முன்னாலும் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே என்ற வயிற்றெரிச்சல்.