ரத்தினசாமியின் சாட்சி

என் வீட்டுக்காரர் ரத்தினசாமி செய்த பாவங்களைக் கேட்காத ஆள் எங்கள் சபையில் இல்லை. அவரேதான் சொல்வார், மைக் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல். ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பும். கம்பி கட்டும் வேலைக்கு ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்தது, பாக்கெட் சாராயத்தில் விழுந்தது, ஆண்டவர் தூக்கி எடுத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், நடுவில் குரலைத் தாழ்த்துவார்.

"இந்த வலது கையால பெத்த புள்ளைய அறைஞ்ச பாவிங்க நான். ஒரே அறை. காது போச்சுங்க."

அந்த இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அந்தப் புள்ளை, எங்கள் மகள் மனிஷா, என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வயதில் அவள் அவருடைய சாராயத்தைச் சாக்கடையில் ஊற்றினாள். அதற்குத்தான் அந்த அறை. காதில் ரத்தம் வந்து, சீழ் பிடித்து, விஜயநகரில் நான் சமையல் வேலை செய்த வீடுகளில் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு நான்கு மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். அவர் ஒருநாளும் கூட வரவில்லை. இனி அந்தக் காது கேட்காது என்று டாக்டர் சொன்னபோதும் நானும் அவளும்தான் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் அவள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. எந்த பெஞ்சில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் டீச்சர் குரல் விழும் என்று அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அப்பா சாட்சி சொல்லத் தொடங்கிய ஆறே மாதத்தில் வகுப்பு முழுக்கத் தெரிந்துபோயிற்று.

என் கோபம் ஆண்டவர் மேல் இல்லை. நாங்கள் சபைக்குப் போன முதல் வாரம், பாவம் செய்தவனோடு நிற்பதில்லை, அதன் பலன் வீட்டில் இருப்பவர்கள் தலையிலும் விழும் என்று பாஸ்டர் பிரசங்கம் பண்ணினார். நான் தேம்பி அழுதேன். இதைச் சொல்ல ஒருவராவது இருக்கிறாரே என்று இருந்தது. இவர் குடியை விட்டதும் உண்மை, அதற்கு இன்றும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் பாவம் அவருக்குத் தீர்ந்துவிட்டது, பலன் மட்டும் அவளுக்கு என்றால் இது என்ன நியாயம்?

தொண்ணூற்றேழாம் வருடம் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முந்தின வாரம் பாஸ்டர் வீட்டுக்கே வந்தார். ரத்தினசாமி சாட்சி சொல்லி முடித்ததும் மனிஷா மேடையேறி, அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டுமாம். பிறகு பாஸ்டர் அவள் காதைத் தொட்டு ஜெபிப்பாராம்.

"பேடம்மா," என்றாள் மனிஷா என்னிடம். மைசூரில் வளர்ந்த பிள்ளை, வேண்டாம் என்பது அவளுக்குக் கன்னடத்தில்தான் முதலில் வரும். "எனக்கு இன்னும் அப்படித் தோணலை. தோணாததை எப்படிச் சொல்றது?"

"மன்னிக்காத மனசும் பாவம்தான் மகளே," என்றார் பாஸ்டர். "உனக்குச் சுகம் கிடைக்காம தடுக்கறதே அதுவா இருக்கலாம்."

எப்படி இருக்கிறது பாருங்கள். அடித்தவர் பரிசுத்தவான் ஆகிவிட்டார், அடி வாங்கியவள் பாவி ஆகிவிட்டாள். "சின்னப் புள்ளைங்க அவ," என்றேன். "பெத்தவன் நான் சொல்றனுங்க பாஸ்டர், அவ வருவா," என்று ரத்தினசாமி பேச்சை முடித்துவிட்டார். நான் அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை, அது என் தப்பு.

கூட்டத்தின் கடைசி நாள் ஷாமியானா நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். சாட்சி முடிந்ததும் பாஸ்டர் மனிஷாவை மேடைக்குக் கூப்பிட்டார். "எந்தக் காதுங்க பிரதர்?" என்று ரத்தினசாமியைக் கேட்டார். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு மகளின் வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

அது நல்ல காது.

பாஸ்டர் அதன்மேல் கையை வைத்து நரம்பு புடைக்க ஜெபித்தார். முடித்ததும் அவளுடைய மறு காதைப் பொத்திக்கொண்டு, "நான் பேசறது கேக்குதா மகளே?" என்றார்.

அவளுக்குப் பொய் வராது. "கேக்குது," என்றாள்.

அல்லேலூயா என்று கூட்டம் அலறியது. ட்ரம்ஸ் முழங்கியது. ரத்தினசாமி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதார். மனிஷா கூட்டத்துக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து மேடைக்கு எதிரில் போய் நின்றேன். முக்காடு நழுவியது, எடுத்துப் போடவில்லை. "அது எப்பவுமே கேக்கற காதுங்க. போனது இடது காது," என்றேன்.

ட்ரம்ஸ் நின்றது. "சிஸ்டர், அவிசுவாசமாப் பேசாதீங்க. போய் உக்காருங்க," என்றார் பாஸ்டர்.

"நான் உங்ககிட்டப் பேசலீங்க." ரத்தினசாமியைப் பார்த்தேன். "ஏனுங்க, ரெண்டு வருசமா ஊரைக் கூட்டி வெச்சு வலது கை, வலது கைன்னு சொல்றீங்களே. எதிர்ல நிக்கற புள்ளைய வலது கையால அறைஞ்சா அடி எந்தப் பக்கம் விழும்? அதுகூடத் தெரியாமத்தான் இத்தனை அழுகையா?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். மனிஷா எதிரில்தான் நின்றிருந்தாள். கையை மெல்ல உயர்த்தி அவளுடைய இடது கன்னத்தை நோக்கிக் கொண்டுபோனார். அடிக்க இல்லை. எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான்.

அது அவளுக்கு எப்படித் தெரியும்? கண்ணை இறுக மூடி, தலையைத் தோளுக்குள் இழுத்து, இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். கூட்டம் முழுக்க அதைப் பார்த்தது. அவர் கை அந்தரத்தில் நின்றது.

நான் மேடையேறி அவளை அணைத்துக்கொண்டேன். அவள் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"அம்மா, அப்பா போயிட்டாரா?" என்றாள்.