மஜ்ஜையில் வழியனுப்புதல்

2023 மார்ச் 9, வியாழக்கிழமை. கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கணினியில் ஒரு வெள்ளையணு குறைந்தது. அந்த இடத்தில் என்னைப் போட்டார்கள்.

கணினிக்குள் இருந்தது சுகந்தி அக்காவின் தொடையெலும்பு. அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். என் ரத்தம் அவளுடையதோடு பொருந்தியிருந்தது. புற்றணுக்களை நான் உள்ளே போய் விரட்டிக் காட்டினால் வெளியே அவளுக்கு என் அணுக்களை ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்வார்கள்.

எலும்புக்குள் ஒரு நடைவழி. நடக்க நடக்க நீண்டது. கடைசி அறையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எங்கள் குடும்ப மூக்கு.

“வாங்க தம்பி.” எனக்கு நாற்காலி போட எழுந்தார். எழுந்தபோது இரண்டு பேராக இருந்தார்.

“நீங்கதானுங்களா புற்றணு?”

“அப்படித்தான் பேசிக்கிறாங்க. நான் வெளியாள் இல்லீங்க. இங்கேயே பொறந்தவன்.”

இன்னொருவர் காபி போடப் போனார். காபியோடு நான்கு பேர் வந்தார்கள். ஒரு வாய் குடித்தேன். அசதியாக இருந்தது.

“காபி வேண்டாமுங்க,” என்றது கூரை. அது திரைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் பௌசியாவின் குரல். “அதைக் குடிச்சவங்க யாரும் எந்திரிக்கலை.”

எழுந்தேன். ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கினேன். வெள்ளையணுவின் வேலை அதுதான். கை கொடுத்தவர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

“போயிட்டு வாங்க.”

“வர்றோமுங்க.”

அறை காலியானது. சற்று நேரத்தில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். சொந்தக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார்கள்.

“அவங்கள எதுக்குங்க வரச் சொன்னீங்க?” என்றார் டாக்டர்.

“வீட்டுல இருந்து போறவங்ககிட்ட வேற எப்படீங்க சொல்றது?”

“போங்கன்னு சொல்லணும்.”

“அது சாபம் உடற மாதிரிங்க, டாக்டர்.”

“போன தடவை வந்த வெள்ளையணுவும் இதையேதான் சொல்லுச்சு. அப்ப நோயாளியா இருந்த அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

அறை முழுக்க எங்கள் மூக்குகள். சுவருக்கு அப்பால் அக்கா மூச்சு வாங்குவது கேட்டது. மறுபடியும் எல்லோரிடமும் கைகுலுக்கினேன். முதலில் பார்த்தவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார்.

“சொல்லுங்க தம்பி.”

“போங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “நம்ம அம்மா இப்படியா சொல்லிக் குடுத்தாங்க?”

“இல்லீங்க,” என்றேன். “போங்க.”

அவர் போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். நடைவழி அவர்களுக்காக நீண்டு கொடுத்தது. நான் டம்ளர்களைக் கழுவினேன். நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தேன். யாரும் வரவில்லை.

“நீங்களும் கிளம்புங்க,” என்றார் டாக்டர்.

“போயிட்டு வர்றனுங்க.” சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

“நீங்க சொல்லலாம். நாளைக்கு நீங்க இங்க வந்துதான் ஆகணும்.”

மறுநாள் அக்காவுக்கு என் அணுக்களை ஏற்றினார்கள். ஏப்ரலில் அவள் மஜ்ஜையை எடுத்துப் பரிசோதித்தார்கள். அதில் ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. மடக்கி வைக்கப்பட்டிருந்தது.